தோலுக்கடியில் கிடைக்கும் குண்டு

வயோமிங் மாநிலத்தில் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை வேட்டை உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் எங்கள் கடையின் பின்வாசலில் பிக்கப் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். பிராங்ஹார்ன் எனப்படும் கவைக்கொம்பு மான், கழுதைக்காது கொண்ட மியூல் மான், எல்க் என்கிற பெரிய மலைமான் எல்லாம் வரும். அடித்த இடத்திலேயே குடல் எடுத்து, வேட்டைச் சீட்டைக் கட்டிக் கொண்டுவந்து இறக்குவார்கள். தோலை உரித்து, குளிரறையில் தொங்கவிட்டு, எலும்பு நீக்கி, கேட்டபடி ஸ்டேக்காகவோ கொத்துக்கறியாகவோ பொட்டலம் கட்டித் தருவது எங்கள் வேலை. மனைவிக்கு இந்த ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் கூட வந்தவன் நான். அப்பாவுக்குக் கரூரில் கறிக்கடை. கத்தி பிடிக்கத் தெரியும் என்று சொன்னேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்.

துப்பாக்கியைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கற்றதெல்லாம் வெட்டுமேசையில்தான். தோலை உரிக்கும்போது குண்டு நுழைந்த துளை தெரியும். விலாவைத் தாண்டி உள்ளே என்ன செய்தது என்று தெரியும். மறுபக்கம் வெளியே போயிற்றா, போகமுடியாமல் தோலுக்கடியில் நின்றுவிட்டதா என்று தெரியும். நின்றிருந்தால் எடுத்துக் கழுவி, சின்ன உறையில் போட்டுக் கறியோடு உரியவரிடம் கொடுப்போம். கொடுக்கும்போது பேச்சு கிளம்பும். எந்த ரைஃபிள், எந்தக் கம்பெனித் தோட்டா, எத்தனை கஜம், எந்தப் பக்கம் பார்த்து நின்றது? பதிலைக் கேட்டுக்கொண்டு மறுபடி அந்தக் காயத்தைப் பார்ப்பேன். சில பருவங்கள் போனதும், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதற்கும் கறியில் நடந்திருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பிடிபட ஆரம்பித்தது. பிறகு நானும் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, சீட்டு எடுத்து, ஒரு .270 வின்செஸ்டர் வாங்கினேன்.

துப்பாக்கி பழகாதவர்களுக்காக இரண்டு வரி. பித்தளைக் கூடு, அடியில் கேப், உள்ளே மருந்து, நுனியில் குண்டு, இத்தனையும் சேர்ந்தது தோட்டா. பறந்துபோவது குண்டு மட்டும். அதன் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. 130 கிரெயின் குண்டு என்றால் எட்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்பார்கள். இனி நான் அடி என்று எழுதுவதெல்லாம் அந்தக் கணக்குதான்.

1895-இல் வந்த .30-30 வின்செஸ்டர் இன்றும் இங்கே பல தாத்தாக்களின் வண்டியில் இருக்கிறது. அதன் 150 கிரெயின் குண்டு குழலை விட்டு சுமார் 2,400 அடியில் கிளம்பும். 1925-இல் வந்த .270 வின்செஸ்டர் 130 கிரெயின் குண்டை 3,000 அடிக்கு மேல் விரட்டியது. அவுட்டோர் லைஃப் இதழில் துப்பாக்கிப் பகுதியை நடத்திய ஜாக் ஓ'கானர் அதைப் பல பத்தாண்டுகள் தூக்கிப் பிடித்தார். ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர் எல்மர் கீத் எதிர்க்கட்சி: பெரிய துளை, கனத்த குண்டு, வேகம் இரண்டாம்பட்சம். இருவரும் இறந்து பல்லாண்டுகள் ஆகியும் எங்கள் கடை வாசலில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நடுவில் கலிபோர்னியாவில் ராய் வெதர்பி வந்தார். 1945-இல் கடை திறந்து, கூட்டை அகலமாக்கி, மருந்தைக் கூட்டி, வேகம்தான் கொல்கிறது என்று ஊரெல்லாம் சொன்னார். அவர் பெயரில் ஓடும் .257-உம் .300-உம் இன்றைக்கும் அதிவேகத் தோட்டாக்களின் பட்டியலில் முன்வரிசையில் இருப்பவை. பிறகு 1962-இல் 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம், அடுத்த ஆண்டு .300 வின்செஸ்டர் மேக்னம். எங்களிடம் வரும் எல்க்குகளில் பெரும்பங்கு இந்த இரண்டில் ஒன்றால் அடிபட்டவை.

இந்தச் சண்டையில் நான் எந்தக் கட்சியும் இல்லை. வேகமான ரைஃபிள் நல்லதுதான். குண்டு தாழ்வது குறைவு, காற்று தள்ளுவது குறைவு, தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் மன்னிக்கும். என் புகார் வேறு. வேகமான ரைஃபிளை வாங்குகிறவர், அதற்குப் போடும் குண்டைப் பழைய மெதுவான ரைஃபிளுக்கு வாங்குவது போலவே வாங்குகிறார்.

.30-30 வைத்திருப்பவர் 150 கஜத்துக்கு மேல் அநேகமாகச் சுடமாட்டார். அதனால் அவர் குண்டு மிருகத்தின் மேல் படும் வேகம் 2,300-க்கும் 1,700-க்கும் நடுவில் ஏதோ ஒன்று. குண்டு செய்பவனுக்கு இது சுகம். அந்தச் சின்ன இடைவெளிக்கு ஏற்றபடி, ஈயத்தை மூடியிருக்கும் உலோக உறையின் தடிமனையும் ஈயத்தின் மென்மையையும் வைத்துவிட்டால் போதும். மலிவான குண்டும் பூப்போல விரியும். எங்கள் மேசைக்கு வந்த .30-30 மான்களில் கறி வீணானது மிகக் குறைவு. அந்தத் தாத்தாக்கள் குண்டு தேர்வு பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கமாட்டார்கள்.

.300 வெதர்பிக்காரரின் கதை அப்படி இல்லை. காலையில் செடிப்புதர் வெளியில் 400 கஜத்தில் ஒரு கவைக்கொம்பு மான். அங்கே குண்டு சேரும்போது வேகம் சுமார் 2,300 அடிக்கு இறங்கியிருக்கும். அடுத்த வாரம் அதே பெட்டியை எடுத்துக்கொண்டு மலைக்காட்டுக்குள் எல்க் தேடிப் போகிறார். மரத்துக்குப் பின்னாலிருந்து 30 கஜத்தில் அது எழுந்து நிற்கிறது. இப்போது அதே குண்டு 3,100 அடிக்கு மேல் போய் இடிக்கிறது. 45 கிலோ மானின் மெல்லிய விலாவில் விரிந்து கொடுக்கவும் வேண்டும், 300 கிலோ மிருகத்தின் தோள் மூட்டில் சிதறாமல் இருக்கவும் வேண்டும். சாதாரண 130 கிரெயின் .270 குண்டையே எடுத்துக்கொண்டாலும், குழல் வாயில் 3,060 அடி. 100 கஜத்தில் சுமார் 2,800. 400 கஜத்தில் 2,000-ஐ ஒட்டி வந்துவிடும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது முதல் எண் மட்டும். மிருகத்துக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி எண்.

இதன் விளைவை மூன்று விதமாக மேசையில் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, கிட்டத்தில் மெல்லிய குண்டு. .257 வெதர்பி, 100 கிரெயின், சீக்கிரம் விரியும் வகை, 70 கஜம், கவைக்கொம்பு மானின் தோளில் நேராக. மிருகம் நின்ற இடத்திலேயே விழுந்ததாம். சுட்டவருக்குப் பெருமை தாங்கவில்லை. தோலை உரித்தால் இரண்டு முன்சப்பையும் கருஞ்சிவப்பு. அடிபட்ட இடத்தில் மட்டும் ரத்தக்கட்டு என்றால் வெட்டி எறிந்துவிடலாம். இந்த வேகத்தில் அது தசைக்கும் தசைக்கும் நடுவிலுள்ள சவ்வுகளின் வழியே ஓடி, கழுத்துவரை, முதுகுக்கறியின் முன்பாதிவரை கூழாக நிரம்பியிருக்கும். கத்தியால் பிரிக்கப் பிரிக்க உள்ளே இன்னொரு அடுக்கு. கடைசியில் அவருக்குப் பின்னந்தொடையும் முதுகில் பாதியும்தான் கிடைத்தன. அதே குண்டு தோளுக்குப் பின்னால் ஒரு கை தள்ளி, நுரையீரலில் போயிருந்தால் இரண்டு விலா எலும்போடு கணக்கு முடிந்திருக்கும்.

இரண்டாவது, கிட்டத்தில் மெல்லிய குண்டு, ஆனால் பெரிய மிருகம். இது கறி நஷ்டத்தைவிட மோசம். 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னத்தில் 139 கிரெயின் இலேசுக் குண்டு, மானுக்கு அருமையானது. எல்க்கின் தோள் மூட்டில் 50 கஜத்தில் பட்டது. மூட்டுக்கு மேல் ஒரு பள்ளம். உறை மட்டும் அங்கே சப்பையாகக் கிடந்தது. ஈயம் பொடிப்பொடியாகத் தசைக்குள் சிதறி, நெஞ்சுக்குள் எதுவுமே போகவில்லை. இரண்டாவது குண்டு விலாவில் பட்டதால்தான் அந்த எல்க் எங்கள் கடைக்கு வந்தது. முதல் குண்டோடு ஓடிப்போயிருந்தால் மலையில் எங்கேயோ பல நாள் கழித்துச் செத்திருக்கும்.

மூன்றாவது வகையைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை: தூரத்தில் கெட்டியான குண்டு. எல்க்குக்கென்று வாங்கிய கனத்த செம்புக் குண்டை 500 கஜத்தில் கவைக்கொம்பு மானின் மேல் விட்டால், சில நேரம் அது விரியவே விரியாது. உள்ளே போன துளையும் வெளியே வந்த துளையும் ஒரே அளவு, சுண்டுவிரல்கூட நுழையாது. கறிக்காரனுக்குக் கொண்டாட்டம், ஒரு கிராம் வீணில்லை. ஆனால் அந்த மான் நுரையீரலில் துளையோடு எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்று சுட்டவரிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பொதுவாகச் சாதாரண ஈயக் குண்டுகள் விரிவதற்கு 1,800 அடியாவது வேண்டும். முழுச் செம்புக் குண்டுகளில் பலவற்றுக்கு 2,000 இருந்தால் நல்லது.

ஆகவே ரைஃபிளின் வேகம் கூடக் கூட, குண்டின் கட்டுமானத்தில் கவனமும் கூட வேண்டும். இதை உணர்ந்து ஏதாவது செய்தவர்களில் முக்கியமானவர் ஜான் நாஸ்லர். ஆரிகன் மாநிலத்துக்காரர், லாரிப் போக்குவரத்து நடத்தியவர். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், .300 எச் அண்ட் எச் மேக்னத்தால் மூஸ் என்கிற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். சேறு காய்ந்து அப்பியிருந்த தோள்பட்டையில் குண்டுகள் பட்டு உடைந்தனவே தவிர உள்ளே இறங்கவில்லை. வீடு திரும்பியதும் அவர் கடைசல் இயந்திரத்தில் செம்புக் கம்பியை வைத்து, இரண்டு முனையிலிருந்தும் துளையிட்டு, நடுவில் ஒரு தடுப்பை மிச்சம் வைத்தார். இரண்டு அறையிலும் ஈயம். முன் அறை விரிந்து உடைந்தாலும் பின் அறை தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக இருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1948-இல் கம்பெனி தொடங்கி விற்கத் தொடங்கினார். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றும் விற்கிறது. ஒரே குண்டில் இரண்டு குண்டு, ஒன்று மானுக்கு, மற்றது எல்க்குக்கு. இதைவிட நேர்த்தியான யோசனை அதற்குப் பிறகு வரவில்லை என்பது என் கட்சி. விலை அதிகம் என்பார்கள். பருவத்துக்கு நாலு குண்டு சுடுகிறவர், ஐந்து கறிப்பொட்டலத்தின் விலைக்குக் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிந்ததில்லை.

பார்ட்டிஷனுக்கு முன்பே, 1939-இல், ரெமிங்டனின் கோர்-லாக்ட் வந்துவிட்டது. உறையின் நடுப்பகுதியைத் தடிமனாக்கி ஈயத்தைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு. .30-06 போன்ற நடுத்தர வேகத்துக்கு இன்றும் இது போதும். பச்சைப் பெட்டியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அதனால் விழுந்த மான்களைப் பார்த்ததில்லை. பிறகு உறையையும் ஈயத்தையும் உருக்கி ஒட்டவைத்த ரகங்கள் வந்தன. நாஸ்லர் அக்யூபாண்ட், ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் எல்லாம் இந்த வகை. உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் பிரிந்து போகாது. ஏ-ஃபிரேமில் நடுத்தடுப்பும் உண்டு. 1989-இல் பார்ன்ஸ் கம்பெனியின் ராண்டி புரூக்ஸ் ஈயத்தையே தூக்கி எறிந்துவிட்டு முழுச் செம்பில் எக்ஸ் குண்டைக் கொண்டுவந்தார். நுனியில் ஒரு குழி. பட்டதும் நான்கு இதழாகப் பிளந்து பின்னால் மடங்கும். உடைவதற்கு அதில் எதுவுமே இல்லை. முதலில் வந்தவை குழலில் செம்பை அப்பிவைத்துச் சுடுபவர்களை வதைத்தன. பின்னால் உடம்பில் பள்ளக் கோடுகள் போட்டு அதைச் சரிசெய்தார்கள்.

பிளாஸ்டிக் நுனியைப் பற்றி ஒரு சிறு விலகல். சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கும் அந்த நுனிகள் குண்டைக் கெட்டியாக்குகின்றன என்று பலர் நம்புகிறார்கள். நுனி செய்வது வேறு: காற்றைக் கிழிக்கிறது, பட்டதும் உள்ளே தள்ளப்பட்டு விரிவைத் தொடங்கிவைக்கிறது. பின்னால் இருக்கும் உடம்பு மெல்லியதா கெட்டியா என்பதை நுனி சொல்லாது. ஒரே நிற நுனி வைத்த இரண்டு பெட்டிகளில் ஒன்று மானுக்கும் மற்றொன்று எல்க்குக்கும் இருக்கலாம். ஹார்னடி கம்பெனி ரேடார் வைத்து அளந்தபோது, நெடுந்தூரப் பறப்பில் காற்றுச் சூட்டால் நுனியே இளகுவதைக் கண்டு, 2015-இல் சூடு தாங்கும் நுனி போட்ட குண்டுகளைக் கொண்டுவந்தது. சுவாரசியமான கண்டுபிடிப்பு. 300 கஜத்துக்குள் சுடுகிறவருக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை.

இன்னொரு பழக்கம், எடை போடுவது. உறையில் நாங்கள் கொடுக்கும் குண்டை வாங்கியதும் சிலர் வண்டியிலிருந்தே சின்னத் தராசை எடுப்பார்கள். தொண்ணூற்றைந்து சதவீதம் எடை மிச்சம் என்றால் குண்டு பிரமாதம், அறுபது என்றால் மட்டம். பார்ட்டிஷன் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கோடுதான் கிடைக்கும். முன்பாதி உடைவதற்கென்றே செய்யப்பட்டது அது. அதை மட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தவிர, தராசில் ஏறும் குண்டெல்லாம் வெளியேறாத குண்டு. இரண்டு பக்கமும் துளைத்துப் போய் மலைச்சரிவில் புதைந்ததை யாரும் எடை போடவில்லை. வெளியே போன துளையிலிருந்துதான் ரத்தம் ஒழுகித் தடம் கிடைக்கும் என்பதால், தேடித் திரிகிறவருக்கு அந்தக் காணாமல்போன குண்டே நல்ல குண்டு.

என் மேசைக்கும் இதே கோளாறு உண்டு. என்னிடம் வருவதெல்லாம் கண்டெடுக்கப்பட்ட மிருகங்கள். குண்டு சரியாக வேலை செய்யாமல் தப்பிப்போனவை வருவதில்லை. கடையில் பார்த்த காயங்களை மட்டும் வைத்துப் பேசினால் எல்லாக் குண்டும் நல்ல குண்டு என்றுதான் முடியும். அதனால்தான் இரண்டாவது குண்டு தேவைப்பட்ட மிருகங்களை நான் அதிகம் கவனிக்கிறேன். முதல் காயம், குண்டு தோற்ற இடம். அதைப் பார்க்கும் வாய்ப்பு வேட்டைக்காரரைவிடக் கறி வெட்டுகிறவனுக்கு நிதானமாகக் கிடைக்கிறது.

அதிர்ச்சியிலேயே மிருகம் செத்துவிடும் என்ற பேச்சு அதிவேக ரைஃபிள்காரர்களிடம் அதிகம். நின்ற இடத்தில் விழுந்த மிருகங்களை உரிக்கும்போது முதுகெலும்பையோ இரண்டு தோளையோ தேடிப் பார்ப்பேன். அநேகமாக அங்கே பட்டிருக்கும். நுரையீரலில் மட்டும் பட்டவை, எவ்வளவு வேகமான ரைஃபிளாக இருந்தாலும், சற்று ஓடித்தான் விழுகின்றன. மானுக்கு ஆயிரம் அடி-பவுண்டு சக்தி, எல்க்குக்கு ஆயிரத்தைந்நூறு என்று ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது. அதிலும் எனக்கு மரியாதை குறைவு. தோள் மூட்டில் உடைந்த அந்த 139 கிரெயின் குண்டு, கணக்குப்படி எல்க்குக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு சக்தி வைத்திருந்தது. வயிற்றில் பட்டால் என்ன குண்டு போட்டாலும் ஒன்றுதான். பின்கதவைத் திறந்ததுமே வாடை சொல்லிவிடும்.

ஈயத்துக்கு வருகிறேன், இது என் கறிக்கடைப் புத்தி. மெல்லிய ஈயக் குண்டு அதிவேகத்தில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் போகிறது. 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்காகத் தானம் கொடுத்த மான் கொத்துக்கறிப் பொட்டலங்களை ஒரு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து உலோகத் துகள்களைக் கண்டார். தானக் கறியை எறியச் சொல்லி அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு அந்த மாநிலத்தில் 738 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், வேட்டைக் கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈயம் சற்றுக் கூடுதலாக இருந்தது. அன்றைய எச்சரிக்கை அளவைத் தொட்டவர் யாருமில்லை. பயமுறுத்தும் எண் என்று சொல்லமாட்டேன். ஆனால் பொட்டலம் கட்டும்போது வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா, யாராவது கர்ப்பமா என்று கேட்கப் பழகிவிட்டேன். காயத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தயங்காமல் வெட்டி எறிவோம். குழாய்த் தண்ணீரில் கழுவினால் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கழுவினால் துகள் மற்ற கறிக்கும் பரவும். கத்திதான் வழி.

கலிபோர்னியாவில் இது சட்டமாகவே ஆகிவிட்டது. ஈயத் துகள் கலந்த குடலைத் தின்று கோண்டார் கழுகுகள் செத்துக்கொண்டிருந்தன. 1982-இல் அவை உலகத்திலேயே 22 மட்டும் மிஞ்சியிருந்தன. 2008-இல் அவை வாழும் பகுதியில் ஈயக் குண்டுக்குத் தடை வந்தது. 2019 ஜூலை முதல் மாநிலம் முழுக்க வேட்டைக்கு ஈயம் கூடாது. அரிசோனா வேறு வழியில் போனது: தடை போடாமல், கழுகுகள் உள்ள பகுதிக்கு வேட்டைக்கு வருகிறவர்களுக்குச் செம்புத் தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்தது. எனக்கு அரிசோனாவின் வழி பிடிக்கும். எங்கள் மாநிலத்தில் கட்டாயம் எதுவும் இல்லை என்றாலும், செம்புக்கு மாறியவர்களின் கறியை வெட்டுவது எனக்கு எளிது. ரத்தக்கட்டு குறைவு, துகள் பயம் இல்லை, கழிவுத்தொட்டி நிறைவதில்லை.

ஆனால் ஈயத்திலிருந்து செம்புக்கு அப்படியே தாவமுடியாது. செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே எடைக் குண்டு செம்பில் நீளமாக வரும். நீளமான குண்டை நிலையாகச் சுழற்ற, குழலுக்குள் வெட்டிய முறுக்கு இறுக்கமாக இருக்கவேண்டும். எடையைவிட நீளம்தான் முறுக்கைத் தீர்மானிக்கிறது என்பதை கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் 1879-லேயே சூத்திரமாக்கிவிட்டார். .270 ரைஃபிள்களில் வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 6.5 கிரீட்மோரில் 8, பழைய .22-250-இல் 14. அந்தப் பதினான்கில் நீளக் குண்டைப் போட்டால் தாளில் குறுக்குவாட்டாகத் துளை விழும். ஆகவே செம்புக்கு மாறும்போது எடையில் ஒரு படி இறங்குவது வழக்கம்: .270-இல் 150 ஈயம் போட்டவர் 130 செம்பு போடலாம். எடை குறைவதால் ஊடுருவல் குறையாது, உடையாமல் போவதால் ஈடாகிவிடும். இலேசாக இருப்பதால் இன்னும் வேகமாகப் போகும்; செம்புக்கு வேகம் பிடிக்கும். வெதர்பி மாதிரி அசுரத் தோட்டாக்களுக்கு ஏற்ற ஜோடி கிடைத்தது செம்பு வந்த பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வருடம் டென்வரிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். மதுரைப் பக்கத்துக்காரர், கணினி வேலை. கொலராடோவில் எல்க் சீட்டு எடுத்திருந்தார், 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம் புதிதாக வாங்கியிருந்தார்.

“அண்ணே, கடைல ரெண்டு பெட்டி காட்டுறாங்க. ஒண்ணு 139 கிரெயின், 3,200க்கு மேல போகுதாம். இன்னொண்ணு 160 கிரெயின் பார்ட்டிஷன், 2,950ன்னு போட்டிருக்கு. வேகமாப் போறதத்தான எடுக்கணும்?”

“அந்த வேகமெல்லாம் குழல் வாயில தம்பி. எல்க் உங்க குழல் வாயிலயா வந்து நிக்கப்போகுது? எத்தன கஜம் வரைக்கும் தப்பாம அடிப்பீங்க?”

“முந்நூறுக்கு மேல நம்பிக்கை இல்லண்ணே.”

“ரொம்ப நல்லது. காட்டுக்குள்ள முப்பது கஜத்துலயும் வரும், இல்லையா? அப்ப 160.”

கணக்கு இவ்வளவுதான். 300 கஜத்தில் அந்த 160 கிரெயின் குண்டு 2,300 அடிக்குக் குறையாமல் போய்ச் சேரும், விரிவதற்குத் தாராளம். 30 கஜத்தில் தோள் மூட்டில் பட்டாலும் பின்பாதி உள்ளே போகும். இலேசுக் குண்டால் கிடைக்கும் கூடுதல் வேகம் 300 கஜத்தில் தாழ்வை ஓரிரு அங்குலம் குறைக்கும். எல்க்கின் நுரையீரல் பகுதி ஒன்றரைச் சாண் உயரத்துக்கு மேல். அந்த ஓரிரு அங்குலத்துக்காக யாரும் தவறவிடப்போவதில்லை. அவர் மானுக்கு மட்டும் போவதாக இருந்தால் 139-ஐயே எடுக்கச் சொல்லியிருப்பேன், தோளை விட்டு விலாவில் அடியுங்கள் என்ற ஒரு நிபந்தனையோடு. எல்லோரும் எந்தக் கம்பெனி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த மிருகம், மிகக் கிட்டத்தில் எவ்வளவு, மிகத் தூரத்தில் எவ்வளவு என்பதை நான் முதலில் கேட்பேன். அதற்குப் பொருந்துகிற இரண்டு மூன்று பெட்டிகளை வாங்கி, அவர் ரைஃபிள் எதைத் தாளில் நெருக்கமாக அடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு ரைஃபிள்களுக்குக்கூட ருசி வேறு வேறாக இருக்கும்.

அக்டோபரில் தம்பிக்கு ஒரு பெண் எல்க் கிடைத்தது. 180 கஜம், விலாவில், நாற்பது கஜம் ஓடி விழுந்தது. அவர் ஊர்க் கடையில் வெட்டக் கொடுத்திருந்தார். ராத்திரி பேசும்போது குரலில் ஒரு சின்னக் குறை.

“ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டுட்டுப் போயிடுச்சுண்ணே. ஞாபகத்துக்கு வச்சுக்கக் குண்டு கிடைக்கல.”

“மலையிலதான் இருக்கும், போய்த் தேடுங்க” என்றேன்.

இந்த வருடம் அவர் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, செம்புக்கு மாறப்போகிறாராம். அவர் குழலின் முறுக்கு 9.5 அங்குலம், 140 கிரெயின் செம்பு அதில் சிக்கலில்லாமல் நிற்கும். பழைய குண்டின் கசடு போகக் குழலை நன்றாகத் தேய்த்துவிட்டு, புதுப் பெட்டியில் பாதியையாவது சுடுமைதானத்தில் செலவழித்து, தொலைநோக்கியை 200 கஜத்துக்கு மறுபடி சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். 160-க்கு வைத்த குறி 140-க்குப் பொருந்தாது.